பூட்டிய ஹோட்டலில் பிறந்த பாட்டுகள்

லோசான் – வெவே

லோசானில் ரயில் ஏறியதும் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்த சில நிமிடங்களிலேயே லெமான் ஏரி முழுதாகத் திறந்துகொண்டது. ஜெனீவா ஏரி என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான். அக்கரையில் தெரிவது பிரான்ஸ். இடப்பக்கம் லாவோ திராட்சைத் தோட்டங்கள், கல்சுவர் கட்டி மலையைப் படிப்படியாக வெட்டி நட்டவை. டிசம்பரில் கொடியில் ஓர் இலைகூடக் கிடையாது. கவாத்து பண்ணிய கட்டைகள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன. இந்தப் படிகளைத் துறவிகள் கட்டத் தொடங்கி 800 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

காதில் ‘ஹைவே ஸ்டார்’ ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பாட்டை ரயிலில் கேட்பதில் தப்பில்லை. அது பிறந்ததே ஓடும் வண்டியில்தான். 1971 செப்டம்பரில் டீப் பர்ப்பிள் குழு இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் ஊருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, கூட வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் பாட்டு எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டாராம். ரிச்சி பிளாக்மோர் மடியிலிருந்த கிடாரில் ஒரே சுரத்தை விடாமல் தட்டத் தொடங்கினார். இயன் கில்லன் அதன் மேல் வாய்க்கு வந்த சொற்களைப் போட்டுப் பாடினார். அன்று இரவே மேடை ஏறிவிட்டது பாட்டு.

1988இல் திருச்சியில் கல்லூரியில் படிக்கும்போது மலைக்கோட்டைப் பக்கத்து ரெக்கார்டிங் கடையில் 60 நிமிட கேசட் ஒன்றைக் கொடுத்து ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தைப் பதிந்து வாங்கினேன். முதல் பக்கத்தில் நான்கு பாட்டு போக மீதம் இருந்த இடத்தில் கடைக்காரர் தம் விருப்பத்துக்கு ‘சைல்ட் இன் டைம்’ பாட்டைச் சேர்த்திருந்தார். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு அது. கடைசி ஓலம் உச்சிக்கு ஏறும்போது டேப் தீர்ந்து ‘டக்’கென்று நிற்கும். இன்றைக்கும் அந்தப் பாட்டின் முடிவை முழுதாகக் கேட்டால் எனக்கு ஏதோ கூடுதலாக இருப்பது போலத்தான் தோன்றும். அதன் தொடக்க ஆர்கன் மெட்டு, சான் பிரான்சிஸ்கோ குழு ஒன்றின் ‘பாம்பே காலிங்’ என்ற இசைத்துண்டிலிருந்து எடுத்தது என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சொற்கள் எனக்கு விளங்கியதில்லை. அன்றைக்கு எங்கள் செட்டில் யாருக்குமே விளங்கியதில்லை. கில்லன் குரலை இன்னொரு வாத்தியமாகத்தான் கேட்டோம். ஒவ்வொரு பாட்டும் எங்களுக்கு ஒரு சத்தம், ஒரு வேகம், அவ்வளவுதான். அந்த ஆல்பம் எடுக்கப்பட்ட ஊரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை 30 வருடத்துக்கு மேல் உள்ளுக்குள் கிடந்தது.

வெவே

சார்லி சாப்ளின் கடைசிக் காலம் வரை வாழ்ந்தது வெவேயை ஒட்டிய ஊரில்தான். ஏரிக்கரையில் அவர் சிலை நிற்கிறது. கும்பிட்டுவிட்டு நகர்ந்தேன். எனக்கு வெவே என்றால் அங்கே இருந்த தமிழ்க் கடைதான். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் கருவேப்பிலை வாசம். முருங்கைக்காய் நாலைந்து தாளில் சுற்றிக் கிடந்தது. சாமான் எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கால் செருப்பையும் அதற்குள் போட்டிருந்த காலுறையையும் பார்த்தார்.

“தம்பி இந்தியாவோ? இந்தக் குளிருக்குச் செருப்போட திரியிறீங்கள்?”

யாழ்ப்பாணத்துக்காரர். 1986இல் வந்தவர். வந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் இந்த ஏரிக்கரை ஹோட்டல்களின் குசினியில்தான் வேலை. முதலில் தட்டுக் கழுவினார், பிறகு காய் வெட்டினார், கடைசிப் பத்து வருடம் சமைத்தார். எதற்காக இந்த ஊருக்கு வந்தேன் என்று கேட்டார். ஒரு பாட்டுக்குழுவுக்காக என்றதும் சிரிக்கவில்லை. “பாட்டுக்காக வாறது நல்ல விசயம்தானே” என்றார். அன்று இரவு அவர் வீட்டில்தான் சாப்பாடு. புட்டும் ஏரி மீன் குழம்பும். இந்த ஊர் உணவகங்களில் ‘பெர்ஷ்’ என்ற சின்ன மீனை எலும்பெடுத்து வெண்ணெயில் வாட்டி எலுமிச்சம்பழத் துண்டோடு கொடுப்பார்கள். அதே மீன் அவர் மனைவி அக்காவின் கையில் யாழ்ப்பாணத் தூளும் புளியும் பட்டுச் செக்கச்செவேலென்று இருந்தது.

“நான் வந்து ஒம்பது வருசத்துக்குப் பிறகுதான் மனுசி வந்தவ” என்றார் அண்ணா, குழம்பை ஊற்றிக்கொண்டே. அக்கா எதுவும் சொல்லவில்லை. என் தட்டில் இன்னொரு அகப்பை புட்டு விழுந்தது.

மோந்த்ரோ, காசினோ

வெவேயிலிருந்து மோந்த்ரோ பத்து நிமிட ரயில். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் செங்குத்தாக மலை. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் ஹோட்டல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஊரின் இரைச்சல் இவ்வளவு குறைவாக இருக்குமென்று நினைக்கவில்லை. சாலையைக் கடக்க ஓரத்தில் நின்றால் போதும், வருகிற கார் தானாக நிற்கிறது. திருச்சியில் கை காட்டி, கண் காட்டி, ஓடிக் கடந்து பழகிய எனக்கு முதல் நாள் முழுதும் கால் தயங்கியது.

காசினோ இப்போது நிற்பது புதிய கட்டடம், 1975இல் திறந்தது. பழைய காசினோ இங்கேதான் எரிந்தது. 1971 டிசம்பர் 4, சனிக்கிழமை பிற்பகல். ஃபிராங்க் ஸாப்பாவும் அவர் குழுவும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து அந்த இடம் டீப் பர்ப்பிளுக்கு. அதே அரங்கில் தங்கள் புதிய ஆல்பத்தைப் பதியத்தான் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரியையும் வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நிகழ்ச்சி நடுவில் கூட்டத்தில் ஒருவன் எச்சரிக்கை வெடித் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டான். கூரை பிடித்துக்கொண்டது. கட்டடம் முழுதும் போயிற்று. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

அந்த வாரத் தேதியை நம்மால் மறக்க முடியாது. முதல் நாள்தான் இந்திய–பாகிஸ்தான் போர் வெடித்திருந்தது. நம் ஊர்ச் செய்தித்தாளில் இந்த நெருப்புக்கு இரண்டு வரி இடம் கிடைத்திருந்தாலே அதிசயம்.

ஏரிக்கரை நெடுகக் கிறிஸ்துமஸ் சந்தை போட்டிருந்தார்கள். மரப்பலகைக் கடைகள், ஏலக்காய்க்குப் பதில் பட்டையும் கிராம்பும் போட்டுக் காய்ச்சிய சூடான சிவப்பு ஒயின். ஒரு கடையில் ராக்லெட். பாதி வட்டப் பாலாடைக்கட்டியைச் சூட்டுக்கம்பிக்குக் கீழே நீட்டி வைத்திருக்கிறார்கள். மேல்முகம் முதலில் வியர்க்கிறது, அப்புறம் பளபளக்கிறது, அப்புறம் ஓரம் பொரிந்து பொன்னிறமாகக் குமிழ் விடுகிறது. அந்த நேரம் பார்த்து அகலக் கத்தியால் ஒரே வழி. தோலோடு அவித்த உருளைக்கிழங்கின் மேல் அது விழுந்து பரவுகிறது. பொரிந்த ஓரத்தைத் தனியாகச் சுரண்டி மேலே வைத்தார் கடைக்காரர். நம் வீட்டில் தயிர் ஏட்டை, நெய் காய்ச்சிய கசண்டைப் பிள்ளைகளுக்கு எடுத்து வைப்பதைப் போல.

அவருக்கு எழுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். ஓரளவு ஆங்கிலம் பேசினார். நெருப்பைப் பற்றிக் கேட்டேன். அவருடைய அண்ணன் அன்று உள்ளே இருந்தாராம். அம்மா முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த கோட்டை நுழைவாயிலில் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். இரவு வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். “ஸ்விஸ் கூட்டம் பாருங்கள், வரிசையாகத்தான் வெளியே வந்தோம் என்று அண்ணன் சொல்வார்” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “கோட்டுக்காக அம்மா அழவே இல்லை” என்றார்.

சந்தைச் சதுக்கம்

பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் சிலையைச் சுற்றி எந்நேரமும் கூட்டம். கையை உயர்த்தி ஏரியைப் பார்த்து நிற்கிறார். பக்கத்தில் டீப் பர்ப்பிளுக்கும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. குழுவின் பெயரும் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ என்ற பாட்டின் பெயரும் அதன் புகழ்பெற்ற கிடார் மெட்டின் சுரக்குறிப்பும் பொறித்தது. அங்கே நின்று படம் எடுத்துக்கொண்ட பையன் ஒருவன் அந்த மெட்டை வாயால் போட்டான்.

உண்மையைச் சொல்கிறேன், ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ எனக்குப் பிடித்த பாட்டாக இருந்ததில்லை. கிடார் வாங்கியவன் எவனும் முதலில் அதைத்தான் வாசிப்பான். வாசித்து வாசித்து அதன் தோல் உரிந்துபோயிருந்தது. என் கேசட்டில் அதைத் தாண்டி ‘லேஸி’க்கு ஓட்டிவிடுவேன். ஜான் லார்டின் ஆர்கனுக்காகவே ‘லேஸி’. ஹேமண்ட் ஆர்கன் என்பது உள்ளே 91 பல்சக்கரங்கள் காந்தத்துக்கு எதிரே சுழன்று ஒலி எழுப்பும் பெட்டி, தேவாலயத்துக்காகச் செய்தது. அதை அவர் கிடார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகிவிட்டார். பணிவாகப் பாட வேண்டிய பெட்டி உறுமத் தொடங்கியது. ‘லேஸி’யின் தொடக்கத்தில் அந்த உறுமல் சோம்பல் முறித்துக்கொண்டு எழுவதைக் கேட்க வேண்டும்.

ஆனால் அன்று மாலை அந்தக் கரையில் உட்கார்ந்து, பாட்டின் சொற்களை முதல் முறையாக ஒழுங்காகக் கேட்டேன். கிடார் தனியாக வருகிறது. பிளாக்மோர் அதைப் பிக் வைத்து மீட்டவில்லை, இரண்டு கம்பியை விரல்களால் ஒன்றாகக் கிள்ளுகிறார். பிறகு ஹை-ஹாட்டும் ஆர்கனும், பிறகு டிரம்ஸ், பிறகு பேஸ். ஒவ்வொருவராக வந்து திண்ணையில் உட்காருவது போல. எல்லோரும் உட்கார்ந்ததும் ஒருவன் கதை சொல்லத் தொடங்குகிறான். எந்த ஊருக்கு வந்தோம், எதற்கு வந்தோம், அன்று யார் வாசித்தார்கள், எப்படித் தீப்பிடித்தது, யார் ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்தார், அப்புறம் எங்கே போய்ப் பாட்டைப் பதிந்தோம். அவ்வளவுதான் பாட்டு. காதல் இல்லை, உவமை இல்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது சிந்து. என் தாத்தா மணப்பாறைச் சந்தையில் வாங்கி வைத்திருந்த மஞ்சள் தாள் கொலைச்சிந்து, விபத்துச்சிந்துப் புத்தகங்கள் எங்கள் பரணில் கிடந்தன. எந்தத் தேதி, எந்த ஊர், யாருக்கு என்ன ஆயிற்று என்று ஊர்பேர் சொல்லிப் பாடி விற்பார்கள். நெருப்பு அணைந்த ஈரத்தோடு பாடிய பாட்டு இது. நான் அத்தனை வருடம் தாண்டித் தாண்டி ஓட்டியது ஒரு நல்ல சிந்தை.

புகை ஏரி மேல் கவிந்து நின்றதைக் குழு ஹோட்டல் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறது. சில நாள் கழித்து பேஸ் வாசிக்கும் ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது அந்தத் தலைப்பைத் தாமே உரக்கச் சொன்னாராம். மெட்டு ஏற்கெனவே கையில் இருந்தது. ஊருக்குள் இருந்த பெவிலியன் என்ற அரங்கில் இரவில் அதைப் பதிந்தார்கள். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் முறையிட, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. பதிவு முடியும்வரை உதவியாளர்கள் உள்ளிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார்களாம். அதோடு அந்த இடமும் போயிற்று.

தெரித்தே

மறுநாள் அண்ணா என்னோடு வந்தார். மோந்த்ரோவிலிருந்து ஏரிக்கரையோடு நடந்தால் அரை மணியில் தெரித்தே. போகிற வழியில் குளோட் நோப்ஸ் பற்றிச் சொன்னேன். எரியும் கட்டடத்துக்குள் போய்ப் பிள்ளைகளை இழுத்து வந்தவர் அவர்தான். மோந்த்ரோ ஜாஸ் விழாவை 1967இல் தொடங்கியவரும் அவரே. பிறந்தது இதே தெரித்தேயில். படித்த தொழில் சமையல்.

அண்ணா நின்றுவிட்டார். “குசினிக்காரரோ?”

“ஆமாண்ணா. சமையல் படிச்சிட்டுத்தான் சுற்றுலா அலுவலகத்துக்கு வந்தார்.”

“அப்ப அவர் போவார்” என்றார். “நெருப்பைக் கண்டு பின்னுக்குப் போற ஆள் குசினியில நிக்கேலாது.”

தெரித்தேயில் மலையை முட்டிக்கொண்டு நிற்கிறது அந்தக் காலத்து கிராண்ட் ஹோட்டல். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் தங்கிப்போன ஊர் இது, அவருக்குச் சிலை இருக்கிறது. ஹோட்டல் இப்போது குடியிருப்பாகிவிட்டது. 1971 டிசம்பரில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்தது. வேறிடம் இல்லாமல் அந்த வெற்று ஹோட்டலைக் குழு எடுத்துக்கொண்டது. தாழ்வாரத்தில் வாத்தியங்களை வைத்து, சத்தம் சிதறாமல் இருக்க மெத்தைகளை நிமிர்த்திச் சாத்தி, லாரியிலிருந்து கேபிளை இழுத்து வந்து, இயன் பெய்ஸ் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார, டிசம்பர் 21 வரை வேலை செய்தார்கள். பதிந்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகள், பால்கனிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு லாரிக்குப் போக வேண்டும். போய்ப் போய்ச் சலித்து, கேட்காமலேயே வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். லாரிக்குள் இருந்த ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் நன்றாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது. அந்த ஆல்பத்தில் எதுவும் தேய்த்து மெழுகியது போல இல்லாததற்கு இந்தத் தூரம் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அண்ணா கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். வந்த இரண்டாம் வருடம் இன்னோர் ஊரில் இப்படிக் குளிர்காலத்துக்கு மூடிய ஹோட்டல் ஒன்றில் காவலுக்கு இருந்திருக்கிறார். நாலு மாதம், தனியாக.

“விரிப்பெல்லாம் சுருட்டிப்போடுவாங்கள் தம்பி. திரைச்சீலையும் கழட்டிப்போடுவாங்கள். பிறகு கொரிடோரில நடந்தா உங்கட காலடியே உங்களுக்குப் பின்னால வரும். இருமினா அந்தத் தொங்கல்ல ஒருத்தன் இருமுவான். முதல் கிழமை பயந்தனான். பிறகு அந்தச் சத்தம்தான் துணை. ஊர்ப் பாட்டெல்லாம் பாடுவன். நல்லூர்த் தேருக்குப் பாடுறதைக்கூடப் பாடியிருக்கிறன்.”

30 வருடமாக நான் கேட்டும் பெயர் சொல்லத் தெரியாமல் இருந்த ஒன்றுக்கு அவர் விளக்கம் கொடுத்துவிட்டார். அந்த டிரம்ஸைச் சுற்றி நிற்கும் காற்று. ‘பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்’ பாட்டு பெய்ஸின் டிரம்ஸில் தொடங்கும்போது, பக்கத்தில் சுவர் இருக்கிறது, தூரத்தில் இன்னொரு சுவர் இருக்கிறது என்று காது சொல்லும். பனிமலையில் தனித்துக் கிடக்கும் ஒருவன் வீட்டை நினைக்கிற பாட்டு அது. நடுவில் குளோவரின் பேஸ் மட்டும் தனியாக முன்னுக்கு வந்து பேசும். அந்த ஆல்பத்தில் எனக்கு முதலிடம் அதற்குத்தான்.

எதிரே ஷியோன் கோட்டை தண்ணீரில் கால் வைத்து நின்றது. கவிஞர் பைரன் பெயர் செதுக்கிய தூண் உள்ளே இருக்கிறது. குளிரில் இருவருக்கும் போக மனமில்லை. சாலையோரக் கடையில் காபி வாங்கிக்கொண்டு தெரித்தே ரயில் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். மேலே கிளியோனுக்கு ஏறும் கயிற்று ரயில் இங்கிருந்துதான் புறப்படுகிறது. 1883இல் ஓடத் தொடங்கியது, அந்தக் காலத்தில் மேலே தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதன் கனத்தால் ஒரு பெட்டியை இறக்கி மற்றதை ஏற்றினார்கள். அண்ணா அதை ஒரு பையனின் ஆர்வத்தோடு கேட்டார்.

“எங்க, உங்கட ஆக்களின்ட பாட்டொண்டு போடுங்கோ.”

எதைப் போடுவது என்று யோசித்தேன். ‘ஹைவே ஸ்டார்’ வேண்டாம். என் கேசட்டில் இல்லாத ஒன்றைப் போட்டேன். ‘வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்’. இதே ஊரில், இதே டிசம்பரில் பதிந்தது. பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை என்பதால் ஆல்பத்தில் சேராமல் போயிற்று. ஒரு சிறு இசைத்தட்டின் மறுபக்கத்தில் போட்டுவிட்டார்கள். சென்னையில் அதை நான் முதலில் கேட்டபோது இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று கோபமே வந்தது. கில்லன் அதில் அலறவில்லை. பாதிக் குரலில், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல அடக்கிப் பாடுகிறார். ஆர்கன் அவர் பின்னால் கைக்குழந்தையைத் தட்டுவது போல நிற்கிறது.

இயர்போனின் ஒரு முனை அவர் காதில், மற்றது என் காதில். அண்ணா கையுறையைக் கழற்றி அதைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஏரியின் மேல் மேகம் தணிந்து அக்கரை மறைந்திருந்தது. கிடார் மெல்ல அழத் தொடங்கியது. அதைப் பிடிக்காமல் ஒதுக்கியவரின் விரல்தான் அதுவும்.

“இதை ஏன் விட்டவை?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“பிறகு சேர்க்கேல்லையோ?”

“சேர்த்தாங்கண்ணா. 1997இல ஆல்பத்தை மறுபடி வெளியிட்டப்போ.”

விரலை மடக்கி எண்ணினார். “இருபத்தஞ்சு வருசம்” என்றார்.

வெவே போகும் ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. புத்தகப்பையோடு இரண்டு பள்ளிப் பெண்கள் ஏறினார்கள். பாட்டில் இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. நான் எழப் பார்த்தேன். அண்ணா என் முழங்கையைப் பிடித்தார்.

“இருங்கோ தம்பி. அடுத்த ரயில் இருக்கு.”